கேள்வி பதில்: கம்பத்துக்கு நம்பர் உண்டு!

கேள்வி (வாசகி, பாளையங்கோட்டை): தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று எங்கள் ஊருக்குப் பெயர். எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே கல்லூரி. பாதி வீடுகளில் இப்போது வெளியூர்ப் பையன்கள்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு பைக்கில் மூன்று பேர் பறக்கிறார்கள், தெருமுனையில் புரோட்டா பார்சல் குப்பை, சால்னா கவரைக் கிழித்துக்கொண்டு நாய்கள். மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரிந்து இரண்டு மாதம் ஆகிறது. டியூஷன் முடிந்து வரும் மகளுக்காகத் தினமும் முனையில் போய் நிற்கிறேன். மின்வாரியத்தில் சொன்னால் எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். யாரிடம்தான் போவது?

பதில்: கோபப்படாதீர்கள், அவர்கள் சொன்னது சரிதான். கரண்ட் வாரியத்துடையது, தெருவிளக்கு மாநகராட்சியுடையது. கம்பி அறுந்து தொங்கினாலோ தெருவே இருண்டு கிடந்தாலோ வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) போன் போடுங்கள். ஒரு விளக்கு மட்டும் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கம்பத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், பெயிண்டில் ஒரு நம்பர் இருக்கும். அதைப் புகாரில் எழுதுங்கள். நானே ஒரு தடவை "பிள்ளையார் கோயிலுக்கு எதிரே" என்று நாலு முறை போன் செய்து ஓய்ந்து, ஐந்தாவது முறை கம்பத்து நம்பரைச் சொன்னேன். மூன்றாம் நாள் ஏணியோடு ஆள் வந்துவிட்டார். ஊரில் எத்தனை பிள்ளையார் கோயில் என்று அப்புறம்தான் உறைத்தது!

மூன்று பேர் போகும் பைக்குக்கு 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கலாம். ஆனால் "பசங்க வேகமா போறாங்க" என்று ஸ்டேஷனில் சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். எந்த முனை, எத்தனை மணிக்கு, வண்டி எண் என்ன என்று எழுதிக் கொடுங்கள். மகளின் போனில் 'காவல் உதவி' செயலியை ஏற்றி வையுங்கள், அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் போலீசுக்குத் தெரிந்துவிடும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181.

கேள்வி (அதே வாசகி): டீக்கடை வாசலில் குவியும் பேப்பர் கப்புக்கு என்ன வழி?

பதில்: உள்ளே பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஒரு கடைக்காரரிடம், "அண்ணாச்சி, கிளாஸில் கொடுக்கலாமே" என்று கேட்டேன். "கொடுத்துப் பாத்தாச்சு. கிளாஸோட போய் பைக்ல உக்காந்துக்கிடுதானுவ, பாதி திரும்பி வரல. கழுவ ஆளும் இல்ல" என்றார். அவர் கஷ்டம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் கடை வாசலில் ஒரு தொட்டி வைத்து, ராத்திரி கடை அடைக்கும்போது அதைக் காலி செய்ய என்ன தடை? அதையாவது கேளுங்கள்.

கேள்வி (மாணவர், அதே ஊர்): எல்லாப் பழியும் எங்கள் மேல்தான். குப்பை வண்டி வரும் நேரத்தில் நாங்கள் வகுப்பில் இருப்போம். தெருவில் தொட்டியும் கிடையாது. குப்பையை எங்கே போட?

பதில்: நியாயமான கேள்வி தம்பி. வீடு வீடாக வந்து வாங்கும் முறை வந்ததும் பல ஊர்களில் முனைத்தொட்டியை எடுத்துவிட்டார்கள். பகலில் வீட்டில் ஒருவர் இருப்பார் என்று நம்பி ஏற்பட்ட ஏற்பாடு அது. நாலு பேரும் கல்லூரிக்குப் போய்விடும் அறையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அட்வான்ஸ் வாங்கும் வீட்டுக்காரர் கீழே இரண்டு வாளி வைத்து, வண்டி வரும்போது எடுத்துக் கொடுக்க ஆள் போடலாம், மாத வாடகையில் அது பெரிய செலவில்லை. கேளுங்கள், நாலு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்கள். பெரிய விடுதிகளுக்கு இந்தச் சாக்கு கிடையாது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை 2016-லேயே திடக்கழிவு விதிகள் தனியாகப் பிரித்துப் பொறுப்பைக் கொடுத்துவிட்டன. அவர்களுடைய மூட்டை உங்கள் முனைக்கு வந்தால் தேதியோடு படம் எடுத்து சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள்.

கேள்வி (வாசகர், திருநெல்வேலி நகரம்): 2024 டிசம்பரில் நடுக்கல்லூர் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைக் கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. உள்ளூர்க் குப்பைக்கு அப்படி நடக்காதா?

பதில்: பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததால் நடந்தது. எங்கிருந்து வந்தது என்று அந்த மூட்டைகளே சொன்னதும் ஒரு காரணம், உள்ளே மருத்துவமனைக் காகிதங்கள் கிடந்தன. நம் முனைக் குப்பையும் ஊமை இல்லை. கையுறை போட்டுக்கொண்டு கிளறினால் ஓட்டல் பில்லும் பார்சல் கவரும் கிடைக்கும். முகவரியைப் பார்த்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, மூட்டையைக் காட்டுங்கள். ஆனால் அந்தக் கவரைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். விடுதியில் தங்கும் பெண்பிள்ளையின் பெயரும் செல் நம்பரும் அதில் இருக்கும். கிழித்துவிட்டுப் போடுங்கள், குப்பையில்.