தரமும் பணக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் தொற்றைக் குறைத்ததில் மாதம் 60 படுக்கை நாள் (ஒரு நோயாளி ஒரு படுக்கையில் இருக்கும் ஒரு நாள்) மிச்சம். அதை ஒரு நாள் செலவால் பெருக்கி அறிக்கை கொடுத்தோம். ‘இதில் பெரும்பகுதி கைக்கு வராத பணம்’ என்கிறது கணக்குப் பிரிவு. யார் சொல்வது சரி?

பதில்: கணக்குப் பிரிவுதான். ‘ஒரு நாள் செலவு’ என்பது மொத்தச் செலவை மொத்தப் படுக்கை நாட்களால் வகுத்து வந்த எண். சம்பளம், கட்டடம், கருவித் தேய்மானம் எல்லாம் அதில் அடக்கம். நோயாளி இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனாலும் இவை குறையாது. போதாக்குறைக்கு, மிச்சமாவது கடைசி நாட்கள். ஆபரேஷன், ஸ்கேன் போன்ற பெரிய செலவுகள் பெரும்பாலும் முதல் நாட்களிலேயே முடிந்துவிடும். சராசரியால் பெருக்கினால் தொகை ஊதத்தான் செய்யும்.

பார்மசி, லேப், ஸ்டோர் பதிவேடுகளிலிருந்து தொடங்குங்கள். ஒரே அறுவை சிகிச்சை, ஏறக்குறைய ஒரே வயது, ஒரே நோய்த் தீவிரம் உள்ளவர்களில் தொற்று வந்தவருக்கும் வராதவருக்கும் ஆன்டிபயாடிக், கல்ச்சர் (கிருமிப் பரிசோதனை), டிரெஸ்ஸிங், மறு அறுவைப் பொருட்கள் என்ன செலவாயின என்று எடுங்கள். அந்த வித்தியாசத்தை, தவிர்க்கப்பட்ட தொற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, குறைந்த ஓவர்டைமைச் சேர்த்து, திட்டச் செலவைக் கழியுங்கள். சின்னத் தொகைதான் வரும். ஆனால் யாரும் அடித்துத் திருத்த மாட்டார்கள்.

காலியான படுக்கை தனிக் கணக்கு. மாதம் 60 நாள் என்றால் தினமும் இரண்டு படுக்கை. அவை வெவ்வேறு வார்டுகளில் சிதறிக் கிடந்தால் ஒரு நர்ஸ் ஷிஃப்டைக்கூடக் குறைக்க முடியாது. காத்திருக்கும் நோயாளிகள் இருந்தால்தான் அந்த இடத்துக்குப் பயன். எனவே அதைப் படுக்கை நாளாகவே எழுதுங்கள், பணமாக்காதீர்கள்.

கேள்வி: தரம் கூடினால் வருமானம் குறைகிறதே?

பதில்: பணம் வரும் முறையைப் பொறுத்தது. செய்த ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்றால், தொற்றும் வருமானம்தான். நோய்க்கு இவ்வளவு என்று ஒரே தொகை என்றால் மிச்சம் மருத்துவமனைக்கு. அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1983இல் இந்த இரண்டாவது வழிக்கு மாறத் தொடங்கியது. அதிலும் ஓர் ஓட்டை: சிக்கல் வந்தால் நோயாளி உயர்ந்த கட்டணப் பிரிவுக்கு நகர்ந்துவிடுவார். 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் வந்த முற்றிய படுக்கைப்புண், கதீட்டரால் (சிறுநீர் வடியச் செருகும் குழாய்) வந்த சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு அந்தக் கூடுதல் தொகையை நிறுத்தினார்கள். 2012 அக்டோபரில், 30 நாளுக்குள் மறுபடி சேரும் நோயாளிகள் அதிகமிருந்தால் அபராதம். உச்சவரம்பு முதலில் மெடிகேர் தரும் அடிப்படைத் தொகையில் 1 சதவீதம், பின்னர் 3. ஆனால் உள்நோயாளியாகச் சேர்க்காமல் ‘கண்காணிப்பு’ என்ற பெயரில் வைத்திருப்பவர் மறுசேர்க்கைக் கணக்கில் வரமாட்டார். ஆகவே மறுசேர்க்கை குறைந்தது என்று யாராவது காட்டினால், கண்காணிப்பு நாட்களையும் அவசரப் பிரிவுக்குத் திரும்பியவர்களையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தங்கும் நாட்களுக்குச் சராசரியா, இடைநிலையா?

பதில்: இரண்டும். இடைநிலை என்பது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. ஒன்பது பேர் 5 நாள், ஒருவர் 45 நாள் தங்கினால் சராசரி 9, இடைநிலை 5. அடுத்த மாதம் அப்படியொருவர் வராவிட்டால், எதையும் திருத்தாமலே சராசரி 5 ஆகிவிடும். மாற்றம் நடந்ததா என்று பார்க்க இடைநிலை. அந்த 45 நாளும் உண்மையில் செலவானவை என்பதால் பட்ஜெட்டுக்குச் சராசரி.