ஸ்லை – ராபி இசைத்தட்டுகள்: எந்தப் பதிப்பை வாங்குவது?

கேள்வி: ஜமைக்காவின் ரெக்கே இசைக்குழு பிளாக் உஹுருவின் 'ஆன்தம்' ஆல்பம் ஒரே கடையில் இரண்டு விலையில் இருக்கிறது. டிரம்ஸ் ஸ்லை டன்பார், பேஸ் கிட்டார் ராபி ஷேக்ஸ்பியர் என்று இரண்டிலும் போட்டிருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: வாசித்தவர்கள் இரண்டிலும் அவர்களேதான், மிக்ஸ்தான் (பதிவான ஒலிகளைக் கூட்டிக் குறைத்துச் சேர்த்த விதம்) வேறு. 1983-இல் ஐரோப்பாவில் வந்தது ஒரு மிக்ஸ். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்காக மறுபடி மிக்ஸ் செய்து, பாட்டு வரிசையையும் மாற்றினார்கள். பின்னட்டையில் 'சாலிடாரிட்டி' என்ற பாட்டு இருந்தால் அது அமெரிக்கப் பதிப்பு. ரெக்கேவுக்கென்று முதன்முதலாகக் கொடுத்த கிராமி விருது 1985-இல் இந்த ஆல்பத்துக்குத்தான் போனது. ஆனால் 'கிராமி வாங்கியது' என்ற ஸ்டிக்கரை வைத்து எந்த மிக்ஸ் என்று கண்டுபிடிக்க முடியாது. பாட்டுப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இருவரின் வாசிப்பை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால், 1981-இல் வந்த 'ரெட்' ஆல்பத்தில் தொடங்குங்கள். 'ஆன்தம்' ஆல்பத்தில் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் தூக்கலாக இருக்கும். பழகிய காதுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

கேள்வி: பாப் மார்லி அண்ட் தி வெய்லர்ஸின் 'கேட்ச் எ ஃபயர்' என்னிடம் இருக்கிறது. இரண்டு சிடி கொண்ட டீலக்ஸ் பதிப்பையும் வாங்குவது வீண் செலவா?

பதில்: வீண் இல்லை. மறுவெளியீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தைரியமாகக் காட்டலாம். 1973-இல் வெளியான ஆல்பம், ஜமைக்காவில் பதிவான டேப்பின் மேல் லண்டனில் வேறு கலைஞர்களைக் கொண்டு கிட்டாரும் கீபோர்டும் சேர்த்தது. 2001 டீலக்ஸ் பதிப்பில் ஒரு சிடி முழுக்க, அந்தச் சேர்மானம் இல்லாத ஜமைக்கா மிக்ஸ். வெளியான ஆல்பத்தில் இடம்பெறாத இரண்டு பாட்டுகளும் அதில் உண்டு.

'கான்கிரீட் ஜங்கிள்' பாட்டை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். லண்டன் மிக்ஸில் வேய்ன் பெர்கின்ஸின் கிட்டார் முன்னால் வந்து நிற்கும். ஜமைக்கா மிக்ஸில் அந்த இடம் காலியாக இருக்கும். பேஸ் எங்கே நிறுத்தி மூச்சு வாங்குகிறது என்பது பளிச்சென்று கேட்கும். குழுவின் வழக்கமான பேஸ் கலைஞர் ஆஸ்டன் பாரெட். இந்த ஒரு பாட்டில் மட்டும் அவரிடம் பயின்ற ராபி ஷேக்ஸ்பியர் வாசித்திருக்கிறார். டிரம்ஸ் கார்ல்டன் பாரெட்.

பழைய எல்பி இசைத்தட்டு என்று சொல்லி யாராவது அதிக விலை கேட்டால், அட்டையில் உள்ள வரிசை எண்ணை நம்பாதீர்கள். மறுவெளியீடுகளிலும் அதே எண்ணை அச்சடிப்பது உண்டு. கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த அச்சு என்பதற்கு அதுதான் சாட்சி.

கேள்வி: ஸ்லையும் ராபியும் வாசித்த, பாடகி கிரேஸ் ஜோன்ஸின் 'நைட்கிளப்பிங்' டீலக்ஸ் பதிப்பை வாங்கலாமா?

பதில்: 1981 ஆல்பம், பஹாமாஸின் நசாவு நகரில் காம்பஸ் பாயிண்ட் ஸ்டூடியோவில் பதிவானது. 2014 டீலக்ஸ் பதிப்பில் அதுவரை வெளிவராத இரண்டு பாட்டுகள் உண்டு. நமக்கு முக்கியம் அவை அல்ல, 12 அங்குலத் தட்டுகளுக்காகச் செய்த நீண்ட மிக்ஸ்கள். குரல் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸும் பேஸும் தனியாக ஓடும் இடங்கள் அவற்றில்தான் அதிகம். வாங்கலாம்.

கேள்வி: புது எல்பியில் பேஸ் கனமாக வரும் இடங்களில் ஊசி தாவுகிறது. தட்டை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: அதற்கு முன் உங்கள் டர்ன்டேபிளைப் பாருங்கள். பேஸ் கூடக் கூடத் தட்டின் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக வளைந்து போகும். ஊசியின் அழுத்தம் குறைவாக இருந்தால் அந்த வளைவில் பிடி விட்டுப் போகும். ஆன்டி-ஸ்கேட்டை (ஊசி தட்டின் நடுப்பக்கம் இழுபடாமல் தடுக்கும் திருகை) 0-இல் வையுங்கள். ஊசியைத் தாங்கும் ஆர்மின் பின்முனையில் உள்ள எடையைத் திருகி, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதக்கும்படி செய்யுங்கள். எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு எடையும் வளையமும் சேர்ந்து திரும்பும்படி, கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய சிறு பாகத்துக்கு) சொன்ன கிராமுக்குக் கொண்டு போங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ என்றால் 2 கிராம், 1.8-க்குக் கீழே இறக்கக் கூடாது. ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் அதே இடத்தில் தாவினால் தட்டில்தான் கோளாறு. தாவும் இடத்தை வீடியோ எடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். சூட்கேஸ் வகை பிளேயரில் பெரும்பாலும் இப்படித் திருகிச் சரிசெய்யும் வசதியே கிடையாது. அதில் தாவுவதை வைத்துத் தட்டைக் குறை சொல்ல முடியாது.

பேஸ் கேட்கவே இல்லை என்றால், ஸ்பீக்கரும் ஒரு காரணமாக இருக்கலாம். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். கையடக்க புளூடூத் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. 'பேஸே இல்லை' என்று தட்டைத் திருப்பி அனுப்பும் முன் நல்ல ஹெட்போனில் ஒரு தடவை கேளுங்கள்.

கேள்வி: 180 கிராம் வினைல் என்றால் ஒலி நன்றாக இருக்குமா?

பதில்: தட்டு கனமாக இருக்கும், அவ்வளவுதான். எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள், யார் மாஸ்டர் செய்தார்கள் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் என்பதும் முக்கியம். 22 நிமிடத்துக்கு மேல் போனால் இடம் போதாமல் பள்ளங்களை நெருக்க வேண்டிவரும். அப்போது முதலில் அடிவாங்குவது பேஸ்தான்.