இதயம் காக்க: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: மதுரையில் பல ஆண்டுகள் ஆஞ்சியோ, ஸ்டென்ட் சிகிச்சைகளைச் செய்துவந்த தாங்கள், இப்போது தேனி மாவட்டம் கம்பம் ஊரில் இருந்துகொண்டு ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம்களிலேயே அதிக நேரத்தைச் செலவிடுகிறீர்கள். இந்த மாற்றத்துக்கு என்ன காரணம்? (ஆசிரியை, உத்தமபாளையம்)

பதில்: ஒரு துண்டுச் சீட்டுதான் காரணம். ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர் ஒருவர், வயது 41, குமுளி மலைப்பாதையில் இறங்கி, அதிகாலை மூன்று மணிக்கு நான் அப்போது பணியாற்றிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய் முழுவதுமாக அடைத்திருந்தது. அதைத் திறந்து, ஸ்டென்ட் என்னும் உலோகக் கம்பிவலையைப் பொருத்தினோம், பிழைத்துக்கொண்டார். விடிந்ததும் செவிலியர் அவருடைய சட்டைப்பையில் இருந்தவற்றை மனைவியிடம் எடுத்துக் கொடுத்தபோது, டீசல் ரசீதுகளுக்கு நடுவே நான்காக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு முகாமில் எழுதித் தந்த அந்தச் சீட்டில் 170/110 என்று மட்டும் நீல மையில் குறித்திருந்தார்கள். மருந்தும் இல்லை, மறுபடி எப்போது வரவேண்டும் என்ற குறிப்பும் இல்லை. கேட்டதற்கு, "தலைவலி கூட இல்லையே சார், அதனால விட்டுட்டேன்" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலோருக்கு எந்த வலியையும் காட்டுவதில்லை.

அந்த அழுத்தம் ரத்தக்குழாயின் உள்சுவரை ஆண்டுக்கணக்கில் புண்ணாக்குகிறது. புகையிலையும் சர்க்கரையும் அந்தப் புண்ணை ஆற விடுவதில்லை. அங்கே கொழுப்பு படிந்து, ஒருநாள் அந்தப் படிவு வெடிக்க, அதன்மேல் ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. நாங்கள் நள்ளிரவில் திறப்பது அந்தக் கடைசி நிமிடங்களின் விளைவைத்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த ஓட்டுநருக்கு யாரும் சிகிச்சை தரவில்லை. 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டதை ஒன்பது காரணங்களால் விளக்க முடியும் என்று காட்டியது. புகைபிடித்தல், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை ஆகியவையும் மதுப் பழக்கம் தொடர்பான ஒன்றுமே அந்த ஒன்பது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதும் அந்த ஆய்விலிருந்தே தெரிந்தது.

இந்த வழியில் எனக்கு முன்னோடி யார் என்றால், மருத்துவர் எஸ். பத்மாவதியைச் சொல்வேன். 1917இல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது குடும்பத்துப் பெண்களோடு தப்பிக் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர். அமெரிக்காவில் குழந்தைகள் இதயநோய் நிபுணர் ஹெலன் டாசிக்கிடமும், இதயநோய்த் தடுப்பைப் பற்றி அந்தக் காலத்திலேயே பேசிய பால் டட்லி ஒயிட்டிடமும் பயின்று, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணராக டெல்லியில் பணியாற்றினார். புகைபிடிக்காத பெண்களின் இதயத்தின் வலப்பக்கம் ஏன் செயலிழக்கிறது என்று தேடிப்போய், சாணமும் விறகும் எரியும் அடுப்பின் புகை நுரையீரலைக் கெடுத்து, அதன் வழியாக இதயத்தையும் கெடுப்பதை 1950களிலேயே எழுதினார். நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர், அவருடைய அடுப்படியையும் விசாரித்தார் என்பதே எனக்குப் பெரிய பாடம். 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992இல் பத்ம விபூஷண் பெற்றார். 2020இல் 103ஆம் வயதில் கொரோனா தொற்றால் மறைந்தார். வண்டிப்பெரியாறு, பீர்மேடு லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்றும் விறகடுப்பு எரியும் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. ஆனால் விடியுமுன்னே ஜீப் ஏறிக் கேரள எல்லை தாண்டிப்போய், இருட்டிய பிறகு திரும்பும் தோட்டத் தொழிலாளி வீட்டில் இருப்பதே இல்லை. ஆகவே நாங்கள் ஜீப் நிற்கும் இடத்துக்கே காலை ஐந்து மணிக்குப் போய்விடுகிறோம். ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டையைச் சுற்றச் சொல்வார்கள். அப்படிச் சுற்றினால் அளவு சரியாக வராது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை மேசைமீது நெஞ்சுயரத்தில் வைத்து, இருமுறை பார்க்கவேண்டும். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். அந்த ஐந்து நிமிடத்தை அவரிடம் கெஞ்சி வாங்குவதுதான் முகாமின் கடினமான வேலை. 140/90க்கு மேல் இருந்தால், சீட்டில் அடுத்துப் பார்க்கவேண்டிய தேதியையும் எழுதித்தான் அனுப்புகிறோம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். மேட்டில் ஏறும்போது நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. வாய்வு என்று இஞ்சிச் சாறு குடிக்கிறார். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். பயப்பட வேண்டுமா ஐயா? (வாசகர், வண்டிப்பெரியாறு)

பதில்: தம்பி, ஏறினால் வந்து, நின்றால் போகும் நெஞ்சடைப்பை, வேறு காரணம் உறுதியாகும்வரை, இதயத்திலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வாய்வுக்கு மேடு பள்ளம் தெரியாது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, உழைப்பில் மட்டும் தெரியும் குறையைப் பெரும்பாலும் காட்டாது. அது நன்றாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இந்த வாரமே அவரை இதயநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எக்கோ தேவையா, டிரெட்மில் சோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை மேட்டில் ஏறும் வேலை வேண்டாம்.

ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு இறுக்கம் வந்து கால் மணி நேரத்துக்குள் விடாவிட்டால், அல்லது குளிர்ந்த வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் சேர்ந்தால், உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பைக்கின் பின்னால் உட்கார வைக்காதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். பெண்களுக்குச் சில சமயம் வலியே இல்லாமல், குமட்டலும் சோர்வும் மட்டும் வருவதுண்டு. அதனாலேயே அவர்களைத் தாமதமாக அழைத்து வருகிறோம் என்பதை மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும்போது இப்படி நேர்ந்தால், 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதலில் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. போடுகிறார் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மென்றாலும் அதன் நிகோடின் ரத்தத்தில்தான் கலக்கிறது. இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் அது ஏற்றுகிறது.

கேள்வி: மகளைக் கோட்டயம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே எல்லாம் தேங்காய் எண்ணெய்தான். நாங்கள் கடலை எண்ணெய் ஊற்றிப் பழகியவர்கள். மருமகனுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. எதை ஊற்றுவது? (வாசகி, சின்னமனூர்)

பதில்: தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் அளவுக்கு நிறைகொழுப்பு, கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அந்த நிறைகொழுப்பு என்பதால், மருமகனுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. அவியலுக்குக் கடைசியில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவதை நான் தடுக்கமாட்டேன். எந்த எண்ணெயானாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்குள் இருக்கட்டும். எண்ணெயைப் பற்றிக் கவலைப்படும் வீடுகளில் உப்பை மறந்துவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. ஊறுகாயும் பப்படமும் உணக்கமீன் என்னும் கருவாடும் ஒரே இலையில் விழுந்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. திராட்சைத் தோட்டத்தில் பழையபடி வேலை செய்கிறேன், எந்தத் தொந்தரவும் இல்லை. அடைப்பு எடுத்தாகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை? நிறுத்திவிடலாமா? (விவசாயி, கூடலூர்)

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் திறந்தது ஒரு இடத்தைத்தான். அடைப்பை உண்டாக்கிய நோய் மற்ற குழாய்களிலும் இருக்கும். உலோகக் கம்பிவலையின்மேல் ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே திடீரென அடைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டில் எதை, எந்த மாதத்தில் நிறுத்துவது என்பதை ஸ்டென்ட் வைத்த மருத்துவர்தான் சொல்லவேண்டும். கொழுப்பு மாத்திரை நீண்டகாலத்துக்கு உரியது. செலவுதான் தடை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இவை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். பீடி இருந்தால் இன்றே விடுங்கள். விட்ட ஓராண்டில், புகையால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. அடுத்த முறை வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு, அதற்கு முன் எங்காவது பிரஷர், சுகர் பார்த்த பழைய துண்டுச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள்.