வெள்ளி ரூபாய்க்குப் புளி ஆகாது

கேள்வி: என் தந்தையார் சேர்த்து வைத்த 40 வெள்ளி ரூபாய்கள், 1980களில் வாங்கிய பிளாஸ்டிக் ஆல்பம் ஒன்றில் இருக்கின்றன. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்துக் காசுகள் கலந்துள்ளன. உறைகள் பிசுபிசுத்து, சில காசுகளில் பச்சை பூத்திருக்கிறது, இழுத்தால் வரவில்லை. புளி போட்டுத் தேய்க்கலாம் என்கிறார் அத்தை. செய்யலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அத்தை சொல்வது குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு ஆகாது.

அக்காலத்து ஆல்ப உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. அது வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் வெளியே கசிகிறது. பிளாஸ்டிக்கும் சிதைந்து அமிலத்தை வெளிவிடுகிறது. அந்த அமிலம், வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பைப் பிடிப்பதால்தான் பச்சை பூக்கிறது. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 11.66 கிராம் எடையும், ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளியும் கொண்டவை. 1940 முதல் 1945 வரையிலான ஆண்டுகளைத் தாங்கிய ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களிலோ வெள்ளி பாதிதான், செம்பு 40 விழுக்காடு. எனவே, அவற்றை முதலில் வெளியே எடுங்கள்.

எடுக்கும்போது இழுக்கவோ, கத்தி முனையால் நெம்பவோ வேண்டாம். மேசைமேல் தடித்த துண்டு ஒன்றை மடித்து விரித்துக்கொண்டு, காசிலிருந்து விலகி உறையின் மூன்று ஓரங்களையும் கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு புத்தகத்தைத் திறப்பதுபோல் மேல் ஏட்டை மெல்லத் திறக்க வேண்டும். காசு எந்த ஏட்டோடு ஒட்டியிருக்கிறதோ, அந்த ஏட்டோடு சேர்த்தே கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, மூழ்கும் அளவுக்குத் தூய அசிட்டோனை ஊற்றி மூடிவையுங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் நிறமும் மணமும் சேர்த்திருப்பார்கள் என்பதால் அதை வாங்கக் கூடாது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூயதாகக் கேட்டு வாங்க வேண்டும். அசிட்டோன் வெள்ளியைத் தொடாது, பிசினை மட்டுமே கரைக்கும். ஆனால் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், சாமி விளக்கும் அடுப்பும் இல்லாத, காற்றோட்டமான தார்சாவில் வைத்துச் செய்வதே நல்லது. சில மணி நேரத்தில் பிசின் இளகி, காசு தானாகவே விலகிவிடும். பின்னர், வேறொரு கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் ஒரு முறை அலசி, விளிம்பை மட்டும் இரு விரல்களால் பிடித்துத் துண்டின்மேல் வைத்தால், துடைக்காமலே நொடியில் உலர்ந்துவிடும். செம்பை ஏற்கெனவே அரித்துவிட்ட பச்சை இதனால் முழுவதும் போகாது. போகாததைச் சுரண்ட வேண்டாம்.

பிசுபிசுப்பில்லாத, உலர்ந்த கருமை வேறு. அது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய படலம். அதை அப்படியே விட்டுவிடலாம். சேகரிப்பவர்கள் அதை விரும்பவே செய்கிறார்கள். மாணவப் பருவத்தில் நான் ஒரு விக்டோரியா ரூபாயை விபூதி போட்டுத் தேய்த்துவிட்டு, அதன் பளபளப்பில் ஒரு வாரம் மகிழ்ந்திருந்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தபோதுதான் ராணியின் கன்னமெங்கும் சிலந்தி வலைபோல் கீறல்கள் தெரிந்தன. உங்களிடம் 1862 என்று பொறித்த ரூபாய் இருந்தால் இன்னும் கவனம் தேவை. பல ஆண்டுகள் அதே ஆண்டையே பொறித்து வெளியிட்டார்கள். ஆண்டுக்குக் கீழுள்ள கடுகினும் சிறிய புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள். புளியும் நாரும் அந்தப் புள்ளிகளை விட்டுவைக்காது.

இனி வைக்கும் இடம். பி.வி.சி. கலவாத மைலார் (பாலியெஸ்டர்) உறைகளோ, காசின் அளவுக்குப் பொருந்தும் அக்ரிலிக் கூடுகளோ வாங்குங்கள். ரப்பர் வளையம், கம்பளித் துணி, செய்தித்தாள் ஆகியவை வெள்ளியைக் கறுக்கச் செய்பவை. அடுக்களைச் சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம்; சமையல் எரிவாயுவில் வாசனைக்காகச் சேர்ப்பதும் கந்தகம் கலந்த பொருளே.

கேள்வி: ஆச்சியின் சுருக்குப் பையில், குலதெய்வத்துக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய் கிடைத்தது. துணி காசோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தெடுக்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நேர்ச்சை இன்னும் செலுத்தப்படாமல் இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்வது முதல் வேலை. எடுப்பதென்று முடிவானால், முடிச்சை அவிழ்க்க முயலாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரில் முடிச்சோடு ஓர் இரவு ஊறவையுங்கள். துணி தளர்ந்ததும் மெல்ல விலக்கலாம். எஞ்சியிருக்கும் மஞ்சள் கறை அசிட்டோனில் கரையும். துணியைத் தூக்கி எறிந்துவிடாமல், உலர்த்தித் தனி உறையில் வையுங்கள். விற்கும்போது அதற்கு விலையில்லை என்றாலும், அந்தக் காசின் வரலாறு அதில்தான் இருக்கிறது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டு நனைந்தது. அதிலிருந்த 1969ஆம் ஆண்டுக் காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் வெள்ளிக் காசு, ஸ்டேப்ளர் பின் அடித்த அட்டையில் துருவோடு இருக்கிறது. அட்டையைக் கிழித்து எடுத்துவிடலாமா?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: கிழிக்க வேண்டாம். அட்டையைக் கிழித்துக் காசை நழுவவிட்டால், நீட்டிக்கொண்டிருக்கும் பின்னின் முனை காசின் முகத்திலேயே கோடிழுத்துவிடும். பின்களின் கால்களைச் சிறு குறடால் நிமிர்த்தி, நான்கையும் முழுவதும் உருவிய பின்னரே அட்டையைத் திறக்க வேண்டும். துரு நொறுங்கினால் பின்னைத் தொடாமல், அட்டையின் மடிப்போரத்தை வெட்டித் திறக்கலாம். சேறு படிந்திருந்தால் தேய்க்காமல், குழாய் நீரை மெல்ல விட்டு அலசி, இறுதியில் வடித்த நீரில் முக்கியெடுத்து உலர்த்துங்கள்.

அந்தக் காசு 15 கிராம் எடையும் 80 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. எஞ்சிய ஐந்தில் ஒரு பங்குக்கு ஈரம் ஆகாது. இனி அது பீரோவின் மேல்தட்டிலேயே இருக்கட்டும். இறுக மூடும் டப்பாவில் உறையோடு வைத்து, நீல நிறச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் காசில் படாமல் உடன் வையுங்கள். அது இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒரு முறையாவது திறந்து பார்த்து மாற்றுங்கள்.