வீட்டு ஸ்டுடியோவில் மாஸ்டரிங் செய்ய எந்த மென்பொருள்?

மிக்ஸிங் முடிந்த பாடலை வீட்டிலேயே மாஸ்டரிங் செய்ய (வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் செம்மைப்படுத்த), ஓஸோன் போன்ற மாஸ்டரிங் மென்பொருள் தொகுப்பை வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. முதலில் பாடலின் உரப்பை அளக்கும் யூலீன் லவுட்னெஸ் மீட்டரின் இலவசப் பதிப்பை நிறுவுங்கள். ஸ்பாட்டிஃபை பாடல்களை இயல்பாக -14 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பின் அலகு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரக்கும்) அளவுக்குச் சமன்செய்வதால், ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரால் நெருக்கி -8 வரை உரக்கச் செய்த பாடலும் அங்கே 6 டெசிபல் குறைக்கப்பட்டே ஒலிக்கும், ஆனால் நெருக்கியதில் இழந்த டிரம்ஸின் துடிப்பு திரும்பி வராது. அதிர்வெண்களைத் திருத்த டி.டி.ஆர். நோவாவின் இலவசப் பதிப்பே போதும். 250 ஹெர்ட்ஸ் அருகே ஒலி மந்தமாகத் திரளும் கணங்களில் மட்டும் குறைக்குமாறு அதை அமைக்கலாம். லிமிட்டரில்தான் கஞ்சத்தனம் கூடாது: உண்மை உச்சத்தை (ட்ரூ பீக், அதாவது டிஜிட்டல் மாதிரிகளுக்கு இடையே எழும் உச்சத்தையும் சேர்த்த அளவை) -1 டெசிபலில் நிறுத்தும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். ஓஸோனின் தானியங்கி உதவியாளரை நான் ஒப்பீட்டுக்கு மட்டுமே வைத்துக்கொள்வேன். சுவர்கள் எதிரொலிக்கும் அறையில் அதன் முடிவையும் காது சரியாக எடைபோடாது.