பாட்டுக்குள் ரேடியோ

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கானமேளாக்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதில் போகிறபோக்கில், பழைய ராக் பாட்டுகள் பிடிக்கும் என்றும் அதற்காக ஒருமுறை பெங்களூருக்கு ரயிலேறிப் போனதாகவும் ஒரு வரி வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் நம்பவில்லை. எனக்கும் பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பிடிக்கும், ஆனால் ஹெட்போனில்தான் கேட்பேன். நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். காதுக்குள்ளேயே இவ்வளவு துல்லியமாகக் கேட்கும்போது, புழுதியில் நின்று ஒரு வயசாளி பாடுவதை எதற்குக் கேட்க வேண்டும்? அப்புறம், நம்ம ஊரில் இந்தப் பாட்டெல்லாம் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

எஸ்., கருங்கல்

அன்புள்ள எஸ்.,

நம்பாததில் தப்பில்லை. என் வீட்டிலேயே இன்னும் நம்பவில்லை.

நம்ம பக்கம் கிதார் வந்தது சர்ச் வழியாக. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்குப் பயிற்சி முடிந்ததும், போதகர் அந்தப் பக்கம் போய்விட்டாரா என்று பார்த்துவிட்டு, கிதார்காரர் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டில் வரும் அந்த நாலு சுர வாசிப்பை ஆம்ப்ளிஃபயரில் அலறவிடுவார். எங்களுக்கு அது ஏதோ வீரப்பாட்டு. உண்மையில் அது ஒரு தீ விபத்துச் செய்தி. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ ஊரில், ஏரிக்கரைச் சூதாட்ட விடுதியில் ஃப்ராங்க் ஸப்பா என்ற அமெரிக்க ராக் கலைஞரின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவன் வாணம் விட்டான். கூரையில் தீப்பிடித்து, விடுதி முழுக்க எரிந்தது. அங்கேயே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள்காரர்கள் ஏரிமேல் புகை படர்வதைப் பார்த்து அந்தப் பாட்டைக் கட்டினார்கள். நம்மூர்க் கோயில் கொடைவிழாவுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. பந்தலுக்குப் பக்கத்தில் வாணம் விடுகிற ஒருவன் எல்லா ஊரிலும் உண்டு.

பிங்க் ஃப்ளாய்ட் வந்தது கல்ஃப் வழியாக. 1987இல் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் லீவுக்கு வரும்போது அவர்களுடைய 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் கேசட் கொண்டுவந்தார். ஒருநாள் இரவல் வாங்கி, நாகர்கோவிலில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். ஆல்பம் ஏறக்குறைய 44 நிமிடம். 90 நிமிட கேசட் வாங்கியிருந்தால் ஒரே பக்கத்தில் முழுதாக அடங்கியிருக்கும். கையிலிருந்த காசுக்கு 60தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து போட்டால், நாலாவது பாட்டில், ஆல்பத்தின் பெயரையே கொண்ட 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டில், கோளாறு. யாரோ ரேடியோவைத் திருகுகிறார்கள். பேச்சு, கரகரப்பு, ஏதோ வாத்தியக் கூட்டம். பிறகு ஓட்டை ட்ரான்சிஸ்டரில் இருந்து வருவதுபோல மெலிசாக ஒரு கிதார். நடுவில் ஒருவர் இருமவும் செய்கிறார். மறுநாளே கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன். ஃபேனை நிறுத்தி, பக்கத்துக் கடை ரேடியோவையும் அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடி பதிந்தார். அதே இருமல். மூலக் கேசட்டைப் போட்டுக் காட்டி, "மக்கா, அது பாட்டுக்குள்ள உள்ளதாக்கும்" என்றார்.

உள்ளதுதான். குழுவின் கிதார்காரர் டேவிட் கில்மரின் கார் ரேடியோவில் பதிந்த சத்தம் அது, அந்த வாத்தியக் கூட்டம் சைக்கோவ்ஸ்கியின் நாலாவது சிம்பொனி என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. ஆனால் அன்று இரவு மறுபடி கேட்டபோது அந்நியமாக இல்லை. எங்கள் வீட்டு ரேடியோவும் ராத்திரியானால் அப்படித்தான். இலங்கையைத் தேடினால் திருவனந்தபுரம் குறுக்கே வரும், முள்ளை நகர்த்தினால் திருநெல்வேலி தலைகாட்டும். தூரத்துக் கிதார் ரேடியோவுக்குள் தேய்ந்து வாசிக்க, இன்னொரு கிதார் அதே அறையில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்கிறது. கூட இல்லாத ஒருவனுக்கு எழுதிய பாட்டு அது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனம் கலங்கி விலகிப்போனவர். 1975இல் இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த ஸ்டுடியோவுக்கு ஒருநாள் அவரே வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பருத்து. கூட வாசித்தவர்களுக்கே முதலில் ஆள் தெரியவில்லை.

60 நிமிட கேசட் வாங்கியதற்கு ஒரு தண்டனை உண்டு. அந்தப் பாட்டில் வார்த்தைகள் முடிந்து கிதார் மட்டும் போய்க்கொண்டிருக்கும்போது 'டக்'. முதல் பக்கம் தீர்ந்துவிடும். பதினைந்து வருஷம் நான் கேட்டது இந்த 'டக்' வரைக்கும்தான். என் கூட்டுக்காரன் ஒருவன் என் கேசட்டில் இருந்தே ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். அவனுக்கும் அதே இடத்தில் 'டக்'.

2002 ஏப்ரல் 6, சனிக்கிழமை, பிங்க் ஃப்ளாய்டில் பேஸ் கிதார் வாசித்துப் பாடிய ரோஜர் வாட்டர்ஸ், குழுவை விட்டு விலகித் தனியாக, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் பாடினார். நானும் அவனும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து போனோம். வாட்டர்ஸுக்கு அப்போது 58 வயது. குரல் தேய்ந்துதான் இருந்தது, மறைக்கவில்லை. கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்றவன் உயரமானவன் என்பதால் பாதி நேரம் அவனுடைய பனியனைத்தான் பார்த்தேன். ஒலியும் உங்கள் ஹெட்போன் அளவுக்குத் துல்லியமில்லை. இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் பேஸ் கிதார் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. சாமக்கொடையில் தவிலுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தால் உங்களுக்கு இது தெரியும். பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டு வந்தது. அது ஏழு எண்ணிக்கைப் பாட்டு. கூட்டம் நாலு நாலாகக் கை தட்டி, தடுமாறி விட்டுவிட்டது. என் கூட்டுக்காரனுடைய அப்பா நையாண்டி மேளத்துக்குத் தவில் வாசித்தவர். அவன் மட்டும் தொடையில் 'தகிட தகதிமி' என்று பிசகாமல் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு கிதார் தனியாக எழும்பும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறும். அப்போது மைதானமே கை தட்ட, இவன் நிறுத்திவிட்டான். "இனி இவனுவ பாத்துக்கிடுவானுவ" என்றான்.

'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டைக் கூட்டமே பாடியது. நாங்களும் அரைகுறை உச்சரிப்பில் பாடினோம். வார்த்தைகள் முடிந்தன. கிதார் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கேசட் தீர்கிற இடம் வந்தது, தாண்டியது. அவ்வளவு பேர் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம்.

நண்பர்கள் கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள், எஸ். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். காலை மிதித்துக் கூழாக்கிவிடுவார்கள்.