'ஆஸ் இஸ்' கையெழுத்து டீலரின் பொய்யை மூடாது

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு டீலரிடம் 'ஆஸ் இஸ்' (இருக்கிற நிலையிலேயே, வாரண்டி இல்லாமல்) என்று கையெழுத்துப் போட்டுப் பழைய சொகுசு கார் வாங்கினீர்கள், இப்போது அது வெள்ளத்தில் மூழ்கிய கார் என்று சந்தேகப்படுகிறீர்கள். கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. 'ஆஸ் இஸ்' வாரண்டியைத்தான் நீக்கும். "வெள்ளம் படாத கார்" என்று விளம்பரத்தில் பொய் சொன்னதற்கு அது பாதுகாப்பு ஆகாது. டீலர் போனில் மிரட்டுவதைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள்.

சீட்டுக்கு அடியில் சேறு, ஆனால் டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) சுத்தம் என்கிறீர்கள். பெரும்பாலும் இது டைட்டில் வாஷிங். வெள்ளச் சேதம் என்று ஒரு மாநிலத்தில் முத்திரை விழுந்த காரை வேறொரு மாநிலத்தில் மறுபதிவு செய்து அந்த முத்திரையை மறைத்துவிடுவார்கள். சொகுசு காரில் எலக்ட்ரானிக்ஸ் அதிகம், நனைந்த வயரிங் சில மாதம் கழித்துத்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்றே வின் எண்ணைக் (காரின் தனி அடையாள எண்) கொடுத்து என்எம்விடிஐஎஸ் (அமெரிக்காவின் தேசிய வாகன டைட்டில் தகவல் அமைப்பு) அறிக்கை வாங்குங்கள், சில டாலர்தான். பழைய முத்திரைகளும் டோட்டல் லாஸ் (பழுதுபார்க்கத் தகுதியில்லை என்று காப்பீட்டு நிறுவனம் கைவிட்டது) பதிவும் அதில் தெரியும். காப்பீடு இல்லாமல் மூழ்கிய கார் என்றால் எதுவும் வராமல் போகலாம். அதனால் மெக்கானிக்கிடம் காரைக் காட்டி, வெள்ளச் சேதத்தைப் படங்களோடு எழுதி வாங்குங்கள். அதுவரை எதையும் பழுதுபார்க்க வேண்டாம், சாட்சியே அதுதான்! விளம்பரத்தையும் டீலர் அதை நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், புகாரை ஃபுளோரிடாவில் கொடுங்கள்: அட்டர்னி ஜெனரலிடமும் (மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர்) டீலர் லைசென்ஸ் தரும் துறையிடமும். அங்கே டீலர்கள் 25,000 டாலர் பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்) வைத்திருக்க வேண்டும், அதிலும் இழப்பீடு கேட்கலாம்.

டீலர் ஏற்பாடு செய்த கடன் என்றால், ஒப்பந்தத்தில் 'ஹோல்டர்' வாசகம் இருக்கும். அதன்படி, டீலர் செய்த மோசடிக்காகக் கடன் கொடுத்தவரிடமும் முறையிடலாம். ஆனால் தவணையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் பிரிவு (தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரிடம் தீர்க்கும் நிபந்தனை) இருந்தால் நேரடியாக நீதிமன்றம் போக முடியாமல் போகலாம். ஒப்பந்தத்தை நுகர்வோர் வழக்கறிஞரிடம் முதலில் காட்டுங்கள்.